லைட் மீட்டரோட வர்றவங்களுக்கு ஒரு திறந்த மடல்: நடு ரூம்ல நிக்காதீங்க, மேஜைக்கு வாங்க

கட்டட மெயின்டனன்ஸ் டீம், சேஃப்டி ஆபீசர்ஸ், லைட்டிங் ஆடிட் பண்ணி ரிப்போர்ட்ல கையெழுத்து போடுறவங்க எல்லாருக்கும்,

வணக்கம். நான் நாள் முழுக்க பொடி எழுத்து படிச்சு திருத்துற வேலை பாக்குற ஆளு. என்னை மாதிரி ஆளுங்க "வெளிச்சம் பத்தல"னு கம்ப்ளெய்ன்ட் பண்ணா வழக்கமா என்ன நடக்கும்னு உங்களுக்கே தெரியும். உங்கள்ல ஒருத்தர் வெளிச்சத்தை அளக்குற லக்ஸ் மீட்டரோட வருவீங்க, ரூம் நடுவுல, கரெக்டா ஒரு லைட்டுக்கு கீழ நிப்பீங்க, மீட்டரை நெஞ்சு உயரத்துல பிடிப்பீங்க, திரையில வர்ற எண்ணை பாத்துட்டு "600க்கு மேல வருதே, 500 இருந்தா போதுமே"னு சொல்லிட்டு கிளம்பிடுவீங்க. அதுக்கப்புறம் யார் என்ன சொன்னாலும் "அளந்தாச்சு"ங்கற ஒரே பதில்தான். கண்ணை கசக்கிட்டு உக்காந்திருக்குறவன் சொல்றதை விட அந்த எண்ணுக்குதான் மரியாதை ஜாஸ்தி.

எண்ணுக்கு மரியாதை குடுக்குறதுல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. சொல்லப்போனா கண்ணை நம்பி வெளிச்சத்தை அளக்க முடியாது, நல்ல வெயில்ல 1,00,000 லக்ஸ் இருக்கும், பௌர்ணமி நிலாவுல அரை லக்ஸ் கூட இருக்காது, ரெண்டு இடத்துலயும் நம்ம கண்ணு சமாளிச்சுக்கும், 300 லக்ஸ் ரூம்ல இருந்து 500 லக்ஸ் ரூமுக்கு போனா கொஞ்ச நேரத்துல வித்தியாசமே தெரியாது. அதனாலதான் மீட்டர் வேணும். ஆனா மீட்டரை எங்க வச்சோம், எப்ப வச்சோம், எப்படி வச்சோம்ங்கறதுல கோட்டை விட்டா அந்த எண்ணு எங்க வேலையை பத்தி எதையுமே சொல்லாது. நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், வேலை நடக்குற இடத்துல, வேலை நடக்குற நேரத்துல, வேலை நடக்குற பரப்பு மேல சென்சாரை வச்சு அளங்க. இதை ஏன் இவ்ளோ நீட்டி எழுதுறேன்னா ஒவ்வொண்ணுலயும் எவ்ளோ ஓட்டை விழுதுனு கணக்கு போட்டு பாத்தா நீங்களே அதிர்ந்துடுவீங்க.

முதல்ல உயரம். ஒரு லக்ஸ்ங்கறது ஒரு சதுர மீட்டர்ல ஒரு லூமன் வெளிச்சம் விழுறது, லூமன்ங்கறது விளக்குல இருந்து வர்ற வெளிச்சத்தோட அலகு. சின்ன சோர்ஸா இருந்தா தூரம் ரெண்டு மடங்கு ஆனா வெளிச்சம் நாலுல ஒரு பங்கா குறையும், இது ஸ்கூல்ல எல்லாரும் படிச்சதுதான். இப்ப சீலிங் 2.7 மீட்டர் உயரத்துல இருக்கு, மேஜை 0.75 மீட்டர்னு வச்சுக்கோங்க. லைட்டுல இருந்து மேஜைக்கு 1.95 மீட்டர் தூரம். நீங்க நெஞ்சு உயரத்துல, அதாவது சுமார் 1.3 மீட்டர்ல மீட்டரை பிடிச்சீங்கன்னா லைட்டுக்கும் சென்சாருக்கும் 1.4 மீட்டர்தான். ஸ்பாட் லைட், டவுன்லைட் மாதிரி ஒத்தையா இருக்குற சின்ன சோர்ஸ்னா உங்க மீட்டர் மேஜை மேல இருக்குறதை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு காட்டும். உங்களுக்கு 600, எனக்கு 310. பெரிய பேனல் லைட் வரிசையா இருக்குற ரூம்ல இவ்ளோ மோசமா இருக்காது, நாலா பக்கமும் இருந்து வெளிச்சம் வர்றதால வித்தியாசம் குறையும், இருந்தாலும் குனிஞ்சு மேஜை மேல வைக்க எத்தனை செகண்ட் ஆகிடும் சொல்லுங்க. நடைபாதை, படிக்கட்டுனா அங்க கால் வைக்கிற தரைதான் வேலை நடக்குற பரப்பு, அங்க தரையில வைக்கணும். இடுப்பு உயரத்துல அளந்து நடைபாதை ஓகேனு எழுதுனா அந்த வெளிச்சம் படி விளிம்புல இருக்குதான்னு யாருக்கு தெரியும்.

அடுத்து அந்த 500. எல்லாரும் 500 500னு சொல்றாங்களே தவிர அது எதுக்கான 500னு கேட்டா பாதி பேர் முழிக்கிறாங்க. ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் ஈஎன் 12464-1ல எழுதுறது, படிக்கிறது, டைப் பண்றது மாதிரி ஆபீஸ் வேலைக்கு 500, டெக்னிக்கல் டிராயிங்குக்கு 750, நடைபாதைக்கு 100, லைப்ரரியில படிக்கிற இடத்துக்கு 500, புக் ஷெல்ஃபுக்கு 200, துணி தைக்கிற வேலைக்கு 750, கலர் செக் பண்ற இடத்துக்கு 1000னு வேலைக்கு வேலை தனித்தனியா இருக்கு. உங்க நாட்டுல வேற விதி இருக்கலாம், அதைத்தான் நீங்க பாக்கணும், ஆனா எண்ணுங்க மாறினாலும் அடிப்படை ஐடியா பெருசா மாறாது. அந்த 500 வேலை நடக்குற பரப்புக்கு, அதாவது பேப்பரும் கீபோர்டும் இருக்குற இடத்துக்கு. அதை சுத்தி அரை மீட்டர் அகலத்துக்கு 300 இருந்தா போதும்னு அதே ஸ்டாண்டர்ட் சொல்லுது. ரூம் நடுவுல நீங்க நிக்கிற அந்த காலி இடத்துக்கு 500 தேவையே இல்ல! தேவையே இல்லாத இடத்துல இருக்குற வெளிச்சத்தை காட்டி தேவைப்படுற இடத்துக்கு பாஸ் போடுறீங்க, யோசிச்சு பாத்தா சிரிப்பும் வருது கோவமும் வருது.

சரி, சில பேர் நல்லாவே பண்றீங்க, பல இடத்துல அளந்து சராசரி எடுக்குறீங்க. அவங்களுக்கு ஒரு கும்பிடு. ஆனா அங்கயும் ஒரு பள்ளம் இருக்கு. சும்மா ஒரு கணக்கு போடுறேன், ஒன்பது இடத்துல அளந்தோம்னு வச்சுக்கோங்க. ஜன்னல் இல்லாத ரூம், லைட் எல்லாம் முன் பக்கமா நெருங்கி இருக்கு. முன் வரிசையில 820, 790, 760. நடு வரிசையில 540, 510, 480. பின் வரிசையில 240, 210, 190. கூட்டினா 4540, ஒன்பதால வகுத்தா 504. ரிப்போர்ட்ல "சராசரி 504 லக்ஸ், தேவை 500, திருப்தி"னு போட்டுடலாம், ஒருத்தரும் கேள்வி கேக்க மாட்டாங்க, ஆனா பின் வரிசையில உக்காந்திருக்குற மூணு பேருக்கு பாதி வெளிச்சம் கூட இல்ல. இதுக்காகத்தான் சமச்சீர்னு இன்னொரு அளவு இருக்கு, எல்லாத்துலயும் குறைஞ்ச எண்ணை சராசரியால வகுக்குறது. ஆபீஸ் மேஜை மாதிரி வேலை பரப்புல அது 0.6க்கு குறையக்கூடாது. மேல சொன்ன ரூம்ல 190ஐ 504ஆல வகுத்தா 0.38தான் வருது, மொத்தமா ஃபெயில். இது ஒரு வகுத்தல் கணக்கு, அவ்ளோதான், மொபைல் கால்குலேட்டர்ல ரெண்டு செகண்ட் வேலை, ஆனா நான் பாத்த ரிப்போர்ட் எதுலயும் இந்த எண்ணு இல்ல. சராசரி மட்டும் இருக்கும், அதுவும் தடிச்ச எழுத்துல.

எத்தனை இடத்துல அளக்கணும்னு ஒரு பழைய எளிய முறை இருக்கு, ஆடிட் பண்றவங்களுக்கு கண்டிப்பா தெரிஞ்சிருக்கும். ரூம் நீளத்தையும் அகலத்தையும் பெருக்கி, அதை நீளம் அகலம் ரெண்டோட கூட்டுத்தொகை, மேஜையில இருந்து லைட் வரைக்கும் இருக்குற உயரம் ரெண்டையும் பெருக்கினா வர்றதால வகுத்தா ரூம் இன்டெக்ஸ் வரும். அது 1க்கு கீழன்னா குறைஞ்சது 9 இடம், 1ல இருந்து 2க்குள்ளன்னா 16, 2ல இருந்து 3க்குள்ளன்னா 25, அதுக்கும் மேலன்னா 36. உதாரணமா 8 மீட்டருக்கு 6 மீட்டர் ரூம், உயரம் 2 மீட்டர்னா, 48ஐ 28ஆல வகுத்தா 1.7, ஆக 16 இடம். ரூமை 16 கட்டமா மனசுல பிரிச்சு ஒவ்வொரு கட்டத்துக்கும் நடுவுல வைக்கணும். ஒரு விஷயம் மட்டும் பாத்துக்கோங்க, உங்க கட்டமும் லைட் வரிசையும் ஒண்ணு மேல ஒண்ணு கரெக்டா விழுந்துட்டா எல்லா அளவும் லைட்டுக்கு நேர் கீழயே வந்துடும், அப்ப இன்னும் சில இடம் சேத்துக்கணும். இந்த கட்ட கணக்கு ரூமை பத்தி சொல்லும், ஆளை பத்தி சொல்லாது, அதனால இதை முடிச்சுட்டு ஒவ்வொரு மேஜையிலயும் தனியா ஒண்ணு எடுங்க.

அந்த ஒண்ணை எடுக்கும்போது ஆளை எழுப்பி விட்டுட்டு அளக்காதீங்க ப்ளீஸ். இது எனக்கு ரொம்ப முக்கியம். லைட் என் தலைக்கு பின்னாடி இருக்கு, நான் உக்காந்தா என் தலையும் தோளும் பேப்பர் மேல நிழலா விழுது, நான் எழுந்து நின்னு வழி விட்டா நிழல் போயிடுது, நீங்க அளக்குற எண்ணு அழகா வருது, நான் திரும்ப உக்காந்தவுடனே பழைய கதைதான். காலி நாற்காலி எதையும் படிக்கப்போறதில்லையே. உக்காந்திருக்கும்போது ஒண்ணு, எழுந்தப்புறம் ஒண்ணு, ரெண்டையும் குறிச்சுக்கோங்க, வித்தியாசம் பெருசா இருந்தா லைட்டை மாத்த வேண்டியதில்ல, மேஜையை திருப்பி போட்டாலே போதும், ஒரு பைசா செலவு இல்ல. கை எந்தப் பக்கம் எழுதுதுங்கறதும் கணக்குதான், வலது கைக்காரங்களுக்கு வலப்பக்கத்துல இருந்து மட்டும் லைட் வந்தா எழுதுற இடத்துல கையோட நிழல்தான் இருக்கும்.

உங்க நிழலும் அதே மாதிரி. சென்சார் ஒயர்ல தனியா வர்ற மீட்டர் இருந்தா அதை எடுத்துட்டு வாங்க, சென்சாரை மேஜையில வச்சுட்டு ஒயர் எவ்ளோ விடுதோ அவ்ளோ தள்ளி குனிஞ்சு நின்னு படிக்கலாம். ஒரே பீஸா இருக்குற மீட்டர்னா எண்ணை திரையில அப்படியே நிறுத்தி வைக்கிற ஹோல்டு பட்டனை எப்படி உபயோகிக்கிறதுனு பழகிக்கோங்க. வெள்ளை சட்டை போட்டுட்டு பக்கத்துல நின்னா உங்க சட்டையில பட்டு திரும்புற வெளிச்சம் எண்ணை ஏத்தும், கருப்பு கோட்டு போட்டு நின்னா முழுங்கிடும். நம்ப மாட்டீங்கன்னா ஒரு தடவை சென்சாரை மேஜையில வச்சுட்டு கிட்ட போய் தள்ளி வந்து பாருங்க, எண்ணு ஆடுறது உங்க கண்ணுக்கே தெரியும்.

இப்ப மீட்டரை பத்தி கொஞ்சம். இது எனக்கு பிடிச்ச ஏரியா, கொஞ்சம் நீளும், பொறுத்துக்கோங்க. உள்ள இருக்குறது சிலிக்கான் ஃபோட்டோடயோட். அதுக்கு நம்ம கண்ணு மாதிரி பாக்கத் தெரியாது, நம்ம கண்ணுக்கு பகல்ல 555 நானோமீட்டர் பக்கம் இருக்குற மஞ்சப்பச்சைதான் அதிகமா தெரியும், சிலிக்கானுக்கு கண்ணுக்கே தெரியாத அகச்சிவப்புலதான் உணர்வு ஜாஸ்தி. அதனால முன்னாடி ஒரு ஃபில்டர் போட்டு, 1924ல சிஐஇங்கற சர்வதேச வெளிச்ச ஆணையம் வரையறுத்த மனுசக் கண்ணோட வளைகோட்டுக்கு ஏத்த மாதிரி அதை அடக்கி வச்சிருப்பாங்க. இந்த அடக்குறது எவ்ளோ நல்லா நடந்திருக்குங்கறதுலதான் மீட்டரோட விலையே இருக்கு. காலங்காலமா மீட்டர்களை கேலிபரேட் பண்றது 2856 கெல்வின் டங்ஸ்டன் விளக்குல, அதாவது பழைய குண்டு பல்பு மாதிரியான வெளிச்சத்துல. ஆனா இன்னைக்கு மேல எரியுறது எல்லாம் எல்இடி, அதுல நீலத்துல ஒரு கூர்மையான ஏத்தமும் மஞ்சள்ல ஒரு அகலமான மேடும் இருக்கும், டங்ஸ்டனுக்கும் இதுக்கும் ஜாடையே கிடையாது. ஃபில்டர் சுமாரா இருக்குற மீட்டர் குண்டு பல்புக்கு கீழ கரெக்டா காட்டிட்டு எல்இடிக்கு கீழ தள்ளி காட்டும். கலர் லைட்னா கேக்கவே வேணாம். ஜெர்மன் ஸ்டாண்டர்ட் டிஐஎன் 5032ல எல், ஏ, பி, சினு மீட்டர்களை தரம் பிரிச்சிருக்காங்க, உங்க மீட்டர் எந்த தரம்னு மேனுவல்ல தேடி பாருங்க, எதுவுமே போடலன்னா அதுவே ஒரு பதில்தான்.

அப்புறம் சென்சார் மேல இருக்குற அந்த வெள்ளை குமிழ். பாக்க சாதாரண பிளாஸ்டிக் மூடி மாதிரி இருக்கும், ஆனா பாதி வேலை அதுதான் பண்ணுது. சாய்வா வர்ற வெளிச்சம் அதிக இடத்துல பரவி விழும், 60 டிகிரி சாய்வுல வந்தா நேரா விழுறதுல பாதிதான் கணக்கு, இதை கொசைன் விதினு சொல்லுவாங்க. வெறும் டயோடுக்கு இந்த கணக்கு சரியா வராது, பக்கவாட்டு வெளிச்சத்தை கண்டுக்காம விட்டுடும், குமிழ்தான் அதை சேத்துக்குது. அதுல விரல் ரேகை, தூசி, கீறல் எல்லாம் இருந்தா எண்ணு போச்சு. டூல் பேக்ல ஸ்க்ரூடிரைவரோட சேத்து போட்டு வச்சிருக்குற மீட்டரையெல்லாம் நான் பாத்திருக்கேன், மனசு பதறும். அதே காரணத்துக்காக சென்சாரை லைட்டை நோக்கி சாய்ச்சு "இங்க பாருங்க, எவ்ளோ வருது"னு காட்டாதீங்க, பேப்பர் எப்படி படுத்திருக்கோ சென்சாரும் அப்படியே படுத்திருக்கணும்.

சின்னச் சின்ன விஷயம் இன்னும் ரெண்டு மூணு. மூடியை மாட்டி பூஜ்யம் காட்டுதான்னு முதல்ல பாருங்க. சில மீட்டர்ல ரேஞ்ச் மாத்துனா திரையில வர்றதை 10ஆல பெருக்கணும், அதை மறந்துட்டு "53 லக்ஸ்தான் இருக்கு"னு ஒரு ரூமையே பதற வைக்கலாம். அதே மாதிரி ஃபுட் கேண்டில் பட்டன், ஒரு ஃபுட் கேண்டில்னா 10.76 லக்ஸ், தெரியாம அந்தப் பட்டன் அமுங்கி இருந்தா 500 லக்ஸ் மேஜை 46னு காட்டும். திரையில 487.3னு வந்தா அந்த .3க்கு ஒரு அர்த்தமும் இல்ல, மீட்டரே கூட்டிக் குறைச்சு நாலஞ்சு சதவீதம் தப்பு காட்டலாம்னு மேனுவல்லயே ஒத்துக்குது, அப்ப 487னா 465ல இருந்து 510க்குள்ள எங்கயோ இருக்குனு அர்த்தம். 498 வந்தா ஃபெயில் 501 வந்தா பாஸ்னு சண்டை போடுறதெல்லாம் வெட்டி வேலை. எமர்ஜென்சி லைட் செக் பண்றவங்களுக்கு தனியா ஒண்ணு, வெளியேறுற பாதையோட நடுக்கோட்டுல தரையில 1 லக்ஸ் இருக்கணும்னு ஐரோப்பிய ஸ்டாண்டர்ட் ஈஎன் 1838 சொல்லுது, ஒவ்வொரு லக்ஸா தாவுற மீட்டரை வச்சு அதை அளந்தா அது 0 காட்டும் இல்ல 1 காட்டும், 0.1, 0.01 வரைக்கும் பாக்குற மீட்டர் வேணும்.

மொபைல் ஆப் வச்சே பாத்துக்கலாமேனு கேக்குறவங்களுக்கு, வேணாம். போன்ல இருக்குற சென்சார் ஸ்க்ரீன் பிரைட்னஸை ஏத்தி இறக்கத்தான் வச்சிருக்கு, மேல கண்ணாடி, அதுக்கு கொசைன் குமிழ் கிடையாது, ரெண்டு மாடல் போனை பக்கத்துல பக்கத்துல வச்சா ரெண்டு எண்ணு வரும். கேமராவை வச்சு கணக்கு போடுற ஆப்னா அது பொருள்ல பட்டு திரும்புற வெளிச்சத்தை பாக்குது, விழுற வெளிச்சத்தை இல்ல. எந்த மூலை இருட்டு எந்த மூலை வெளிச்சம்னு ஒப்பிட்டு பாக்க ஓகே, ரிப்போர்ட்ல போட இல்ல. ஃபோட்டோகிராஃபி மீட்டர் வச்சிருக்குறவங்க கொஞ்சம் அதிர்ஷ்டசாலி, விழுற வெளிச்சத்தை அளக்குற மோடுல தட்டையான டிஸ்க் போட்டு ஐஎஸ்ஓ 100ல ஈவி, அதாவது எக்ஸ்போஷர் எண்ணை பாத்தா, ஈவி 7னா சுமார் 320 லக்ஸ், 8னா சுமார் 640, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு மடங்கு. உருண்டை குமிழோட அளந்தா பக்கவாட்டு வெளிச்சத்தையும் அள்ளிக்கும், அது முகத்துக்கான கணக்கு, மேஜைக்கு இல்ல.

நேரத்துக்கு வர்றேன். மத்தியானம் ஜன்னல் திறந்திருக்கும்போது வந்து அளந்தா நீங்க அளக்குறது சூரியனை. எங்க பிரச்சினை இருட்டுனதுக்கு அப்புறம். அதனால இருட்டுனப்புறம் வாங்க. முடியாதுன்னா லைட் போட்டு ஒண்ணு, அணைச்சு ஒண்ணு, ரெண்டையும் கழிச்சு பாக்கலாம், மேகம் ஓடிட்டு இருக்குற நாள்ல அதுவும் சரிவராது. இன்னொரு வில்லங்கம், இப்ப நிறைய கட்டடத்துல பகல் வெளிச்சத்தை பாத்து தானா மங்குற லைட் இருக்கு, அங்க பகல்ல கழிச்சு வர்ற எண்ணு ராத்திரி எண்ணை விட குறைவா இருக்கும், அப்படி ஒரு கன்ட்ரோல் இருக்கான்னு முதல்லயே கேட்டுக்கோங்க. சுவிட்ச் போட்ட உடனே அளக்காதீங்க, டியூப் லைட் சூடாகி நிலைக்கு வர 20, 30 நிமிஷம் ஆகும், எல்இடி அதுக்கு நேர்மாறு, போட்ட உடனே கொஞ்சம் தூக்கலா எரிஞ்சு சூடானதும் லேசா இறங்கும். ரெண்டுக்கும் அரை மணி நேரம் விட்டா பிரச்சினையே இல்ல.

இதுல யாருமே பேசாத ஒரு விஷயம் புது கட்டடம். ஸ்டாண்டர்ட்ல சொல்ற 500ங்கறது திறப்பு விழா அன்னைக்கு இருக்க வேண்டிய எண்ணு கிடையாது, லைட் பழசாகி, தூசி படிஞ்சு, சுவர் மங்கினதுக்கு அப்புறமும் அதுக்கு கீழ இறங்கக்கூடாதுங்கற எண்ணு. டிசைன் பண்றவங்க இதுக்காக ஒரு மெயின்டனன்ஸ் ஃபேக்டர் வச்சு கணக்கு போடுவாங்க, அது 0.8னா முதல் நாள் 625 லக்ஸ் இருந்தாதான் பின்னாடி 500ல நிக்கும். புது லைட் மாட்டி 510 வந்ததும் "பாஸ்"னு கையெழுத்து போட்டா, முதல் தூசி படிஞ்சதுமே அது ஃபெயில். பழைய கட்டடத்துல இதையே திருப்பி யோசிங்க, லைட் மாத்த பட்ஜெட் கேக்குறதுக்கு முன்னாடி லைட்டை மூடி இருக்குற டிஃப்யூசரை கழட்டி துடைச்சுட்டு ஒரு தடவை அளந்து பாருங்க, அதுல எவ்ளோ திரும்ப வருதுனு பாத்துட்டு அப்புறம் பேசலாம்.

மேஜை மட்டும்தான் பரப்பா? போர்டை பாத்து படிக்கிற பசங்க பாக்குறது செங்குத்தான பரப்பு, லைப்ரரி ஷெல்ஃபுல கீழ் தட்டுல புத்தகம் தேடுறவர் பாக்குறதும் செங்குத்து, மருந்து ரேக், குடோன் ரேக் எல்லாம் அதேதான். அங்கெல்லாம் சென்சாரை ஷெல்ஃபோட ஒட்டி நிமித்தி வச்சு அளக்கணும், மேல் தட்டு, நடு, கீழ் தட்டுனு மூணு இடம். தரைக்கு இணையா வச்சு 400 வந்த இடத்துல நிமித்தி வச்சா பாதி கூட வராத இடமெல்லாம் உண்டு. கீழ் தட்டுல லேபிளை தப்பா படிச்சா ஆளை திட்டுறாங்க, லைட்டை யாரும் திட்டுறதில்ல.

மீட்டர் சொல்லாத விஷயங்களும் இருக்கு, அதை நீங்க தெரிஞ்சே பேசணும். விழுற வெளிச்சத்தைதான் அது அளக்குது, கண்ணுக்கு வர்றது பட்டு திரும்புற வெளிச்சம். 500 லக்ஸ்ல வெள்ளை பேப்பர் 80 சதவீதத்தை திருப்பி விட்டா கண்ணுக்கு தெரியுற பிரகாசம் சதுர மீட்டருக்கு சுமார் 127 கேண்டெலா, அதே 500ல 5 சதவீதம் திருப்புற கருப்பு துணினா 8தான். கருப்பு துணியில கருப்பு நூல் தைக்கிறவங்க கிட்ட போய் "ஆபீஸ்ல இதே 500ல எல்லாரும் வேலை பாக்குறாங்களே"னு சொல்றது நியாயமே இல்ல. வயசும் அப்படித்தான், 60 வயசுக்காரரோட விழித்திரைக்கு 20 வயசுக்காரருக்கு போறதுல சுமார் மூணுல ஒரு பங்கு வெளிச்சம்தான் போகுது, கண் பாவை சுருங்கிடுது, லென்ஸ் மஞ்சளாகி தடிச்சுடுது. அமெரிக்காவோட ஐஇஎஸ்ங்கற வெளிச்ச இன்ஜினியரிங் சங்கத்தோட கைப்புத்தகத்துல 25 வயசுக்கு கீழ, 25ல இருந்து 65, 65க்கு மேலனு மூணு பிரிவா லக்ஸ் குடுத்திருக்காங்க. சீனியர் ஒருத்தர் பத்தலனு சொல்லி பக்கத்துல இருக்குற சின்னப் பையன் போதும்னு சொன்னா ரெண்டு பேரும் உண்மையைத்தான் சொல்றாங்க. அவருக்கு ஒரு டேபிள் லேம்ப் குடுங்க, முடிஞ்சுது.

அதுக்காக எல்லா இடத்துலயும் லைட்டை ஏத்துங்கனு நான் கேக்கல. சில சமயம் கம்ப்ளெய்ன்ட் வந்ததும் அவசரத்துல இன்னும் நாலு பேனல் மாட்டிடுறீங்க, லக்ஸ் ஏறிடுது, கண் வலியும் சேந்து ஏறிடுது, ஏன்னா பிரச்சினை வெளிச்சம் குறைவுங்கறதுல இல்ல, கண்ணுல நேரா அடிக்கிறதுல இருந்தது. கண் கூச்சத்தை லக்ஸ் மீட்டர் காட்டாது, ஸ்க்ரீன்ல லைட்டோட பிம்பம் தெரியுறதை காட்டாது, எல்இடி சிமிட்டுறதையும் காட்டாது, அது சராசரியைத்தான் காட்டும். கூச்சத்துக்கு ஒரு எளிய சோதனை இருக்கு, உக்காந்திருக்குறவரை நெத்தியில கையை தொப்பி விளிம்பு மாதிரி வச்சு மேல இருக்குற லைட்டை மறைக்க சொல்லுங்க. உடனே கண்ணுக்கு இதமா இருந்தா லைட் கூசுது, அங்க லைட்டை கூட்டாதீங்க, நகத்துங்க இல்ல மறைப்பு போடுங்க.

கடைசியா ரிப்போர்ட். ஒரு பக்கத்துல ஒரு எண்ணு போட்டு அனுப்பாதீங்க. ரூமோட படத்தை கையாலயே கிறுக்குங்க, மேஜை எங்க, லைட் எங்க, ஒவ்வொரு இடத்துலயும் வந்த எண்ணு என்ன, எந்த உயரத்துல, எத்தனை மணிக்கு, ஜன்னல் திரை மூடி இருந்துச்சா, எந்தெந்த லைட் எரியல, எந்த மீட்டர், அதை கடைசியா எப்ப கேலிபரேட் பண்ணாங்க, இவ்ளோவும் அந்த ஒரு தாள்லயே அடங்கிடும். சராசரிக்கு பக்கத்துலயே குறைஞ்ச எண்ணையும் அது யாரோட இடம்ங்கறதையும் எழுதுங்க. அதோட ஒரு காப்பியை அந்த ரூம்ல வேலை பாக்குறவங்களுக்கு குடுங்க, ரகசிய டாக்குமென்ட் ஒண்ணும் இல்லையே.

முடிஞ்சா மீட்டரையே ஒரு வாரம் எங்க கிட்ட விட்டுட்டு போங்க. எப்படி வைக்கணும்னு பத்து நிமிஷத்துல சொல்லிக் குடுத்துடலாம், நாங்க காலையில ஒண்ணு, இருட்டுனப்புறம் ஒண்ணுனு ஒவ்வொருத்தரும் அவங்கவங்க மேஜையில அளந்து எழுதி வைக்கிறோம், நீங்க ஒரு நாள்ல எடுக்க முடியாத கணக்கு அது. எங்க எண்ணை நம்ப வேணாம், சந்தேகம் இருக்குற மேஜைக்கு மட்டும் வந்து திரும்ப அளங்க. வர்றதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா மேஜையை காலி பண்ணி, லைட்டை அரை மணி நேரம் முன்னாடியே போட்டு வச்சிருப்போம், வெள்ளை சட்டை மட்டும் போட்டுட்டு வராதீங்க.

இப்படிக்கு,
பின் வரிசையில உக்காந்து பொடி எழுத்து படிக்கிற ஒருத்தன்